வாசகர் வட்டத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அம்மா அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் என் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் வட்டம் செய்த வேலைகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. நவம்பர், டிசம்பர் கூட்டங்கள் மழையால் நடக்கவில்லை. ஏப்ரல் 23 புத்தக நாளில் வழக்கம்போல நூல் அறிமுகம். ஜூலையில் பள்ளி மாணவர் பேச்சுப் போட்டி. 31 பேர் கலந்துகொண்டார்கள். செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள். பொங்கலையொட்டிக் கவியரங்கம். செயற்குழு ஐந்து முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை தேவையான எண்ணிக்கையில் உறுப்பினர்கள் வராததால் கலைந்தது. இந்த ஆண்டு நாம் இழந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கும் வட்டத்தின் அஞ்சலி.

இனி, ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றிச் செயற்குழுவிலும் வெளியிலும் கேள்விகள் எழுந்தன. அதனால் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் வாழ்க்கையை ஊர் ஊராகப் போய்ப் பேசுவது என்று சென்ற மே மாதம் முடிவெடுத்தோம். “இலக்கிய வட்டத்துக்கு இது எதற்கு, ஒருவரைப் பற்றியே ஒரு வருடமா?” என்று அப்போதே ஒருவர் கேட்டார். மூவலூர் நமக்குப் பக்கத்து ஊர். மயிலாடுதுறையில் நகரப் பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனவரைப் பற்றி நம் வட்டம் இத்தனை வருடத்தில் ஒரு முழுக் கூட்டம்கூட நடத்தியதில்லை. பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

1883இல் பிறந்தவர். வீட்டில் வறுமை. பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் மூவலூரில் ஒரு தாசியிடம் விற்கப்பட்ட பிள்ளை அவர். பொட்டுக்கட்டி, அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தாசியாக்கி, ஒரு வயோதிகருக்கு ஒப்படைக்கப் பார்த்தபோது மறுத்து, தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த சுயம்புப் பிள்ளையையே மணந்துகொண்டார். அப்புறம் ஓயவேயில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போனார். 1925இல் நம் மாயவரத்திலேயே இசை வேளாளர் மாநாட்டைக் கூட்டினார். முதலில் காங்கிரஸ் மேடை, பிறகு சுயமரியாதை மேடை, 1949க்குப் பின் தி.மு.க. மேடை. மேடை மாறினாலும் பேச்சு மாறவில்லை. அந்த வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டத்துக்காகச் சட்டசபைக்குள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடினார். அந்தச் சட்டம் யாருக்காகவோ அவர்கள் வீட்டு வாசலில் நின்று பேசியவர் இவர். 1947இல் சட்டம் வந்தபோது அம்மையாருக்கு வயது 64.

என்னை உட்காரவிடாமல் செய்தது 1938தான். பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை என்ற தொண்டர் அணி நடந்தது. அம்மையாரும் அதில் நடந்தார். ஆகஸ்ட் 1 புறப்பாடு, செப்டம்பர் 11 சென்னை. நாம் வருடா வருடம் பாரதிக்கு மாலை போடும் அதே தேதி. 42 நாளில் 87 கூட்டங்கள். பகலெல்லாம் நடந்துவிட்டு, நாளுக்கு இரண்டு மேடை. அம்மையாருக்கு அப்போது 55 வயது. அதே ஆண்டு நவம்பரில் சென்னையில் மறியல் செய்து ஆறு வாரம் சிறைக்கும் போனார். இப்படி நடந்தவரை நாம் ஓர் அறையில் நாற்காலி போட்டு, ஒரு மாலையில் பேசி முடித்தால் போதுமா? அந்த 42 நாளை மனத்தில் வைத்து 42 ஊர் என்று கணக்கு வைத்தேன்.

நடந்தது 17 ஊர். குத்தாலம், மணல்மேடு, செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தரங்கம்பாடி எனக் கைக்கு எட்டிய இடங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ கூடுவோம். ஒன்றுமே கிடைக்காத ஊரில் மரத்தடி. முதல் மூன்று ஊர்களில் நானே முக்கால் மணி நேரம் பேசினேன். பாதியில் எழுந்து போனார்கள். பிறகு முறையை மாற்றினோம். நம் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மா இருபது நிமிடம் வாழ்க்கையைச் சொல்வார். ஒரு கல்லூரி மாணவி 1936இல் வந்த ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலிலிருந்து ஒரு பகுதியை உரக்கப் படிப்பார். மீதி நேரம் ஊராருடையது. நாவலை அப்படி உரக்கப் படித்துக் கேட்டபோதுதான் எனக்கே ஒன்று புரிந்தது: அது முழுக்க மேடையில் பேசிப் பழகியவரின் நடை. கதைக்குள்ளேயே மாநாடு வருகிறது, சொற்பொழிவு வருகிறது. கதை கேட்க வந்தவரையும் கூட்டத்தில் உட்காரவைத்துவிடுகிறார்.

இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஒரு கிராம நூலகத்தில் மொத்தமே ஒன்பது பேர். கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி கைப்பேசியில் வங்கிக் குறுஞ்செய்தியைக் காட்டினாள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் 2022இலிருந்து நடக்கிறதே, அந்தப் பணம். “இவங்க பேர்லதான் சார் எனக்கு வருது. யாரோ பெரிய வீட்டு அம்மான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். அந்தப் பத்து ரூபாய், பழைய புடவை விஷயத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். இப்போது நமக்காக நாவலைப் படிப்பது அவள்தான்.

இன்னோர் ஊரில் எண்பது வயது தாண்டிய பாட்டி ஒருவர் கடைசி வரிசையில் தூணில் சாய்ந்து கடைசிவரை கேட்டார். ஆசிரியை அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இதையெல்லாம் இப்ப எதுக்கும்மா மைக்ல சொல்றீங்க, கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணுங்க இருக்கு” என்றார். எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வரும் பேருந்தில் யாரும் பேசவில்லை. அடுத்த ஊரிலிருந்து எந்தக் குடும்பத்தையும் எந்தத் தெருவையும் சுட்டும்படி ஒரு சொல்கூட வராமல் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் கூட்டத்தை நிறுத்தவில்லை. தான் எங்கிருந்து வந்தார் என்பதை அம்மையார் மறைக்கவில்லை. அவமானம் அந்தப் பெண்களுடையதல்ல, அவர்களை அங்கே நிறுத்தியவர்களுடையது என்பதற்காகத்தானே அவர் அலைந்தார்.

ஒரு பள்ளியில் அனுமதி கொடுத்துவிட்டு, பதாகையில் நாவலின் பெயரைப் பார்த்ததும் கடைசி நேரத்தில் மறுத்தார்கள். நாவலின் பெயரை எடுத்துவிட்டு அம்மையார் பெயரை மட்டும் போடுகிறோம் என்று நான் இறங்கிப் போனேன். அப்படியும் நடக்கவில்லை. இறங்கிப் போயிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் வருந்துகிறேன்.

வருகையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். 64 உறுப்பினர்களில் இந்த 17 கூட்டங்களில் ஒன்றுக்காவது வந்தவர்கள் 14 பேர். எல்லாவற்றுக்கும் வந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் ஒலிபெருக்கியைத் தூக்கி வந்தவர், அவர் உறுப்பினரே அல்ல. தூரம் என்றார்கள், எந்த ஊரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இல்லை. செலவு என்றார்கள், நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வேலை, உடம்பு, வீட்டு விசேஷம் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வராதபோது, அந்த ஊரில் விரித்த பாய் அப்படியே காலியாகக் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு பேசுவது கஷ்டம்.

ஆண்டுச் சந்தா 300 ரூபாய். இந்த ஆண்டு கட்டியவர்கள் 23 பேர். சிலருக்கு மூன்றாண்டு பாக்கி. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். பொதுவாகச் சொன்னால், வரவுக்குள் செலவு அடங்கவில்லை. முன்னிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்தோம், மீதியைச் சிலர் கையிலிருந்து போட்டோம். பயணச் செலவு அதிகம் என்று பேச்சு வந்ததால் ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஒலிபெருக்கி வாடகை, துண்டறிக்கை, தேநீர் தவிர வட்டத்தின் பணம் வேறெதற்கும் போகவில்லை.

இடம் தந்த நூலகர்களுக்கும், ஊராட்சித் தலைவர்களுக்கும், துண்டறிக்கையை அடக்க விலைக்கு அச்சிட்டுத் தந்தவருக்கும், தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் நன்றி. ஆசிரியை அம்மாவுக்குத் தனி நன்றி. முழங்கால் வலியோடு 17 ஊருக்கும் வந்தார்.

இன்னும் 25 ஊர்கள் பாக்கி. செயலாளராக இது எனக்கு ஆறாவது ஆண்டு. வேறொருவர் பொறுப்பேற்க முன்வந்தால் மனப்பூர்வமாக ஒப்படைக்கிறேன். புத்தகப் பெட்டியும் பதாகையும் என் வீட்டுத் திண்ணையில் தயாராக இருக்கின்றன. ஆனால் யார் செயலாளராக வந்தாலும் இந்த 25ஐ விட்டுவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் பொருளாளரிடம் இருக்கிறது. பக்கத்திலேயே 25 ஊர்களின் பெயரும் தேதியும் எழுதிய தாளையும் ஒரு பேனாவையும் வைத்திருக்கிறேன். எந்த ஞாயிறு முடியுமோ, அதற்கு நேராகப் பெயரை எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இப்படிக்கு,
செயலாளர்