ஃபேன் மாட்டும் முன் ஆல்டர்நேட்டரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஆஃப்ரோடு வண்டிகளில் ரேடியேட்டரைக் குளிர்விக்கப் பெல்ட்டில் ஓடும் ஃபேனைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரிக் ஃபேன் மாட்டுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, அரை நாளில் வேலை முடிந்துவிடும் என்கிறது. மாட்டி முடிக்க அரை நாள் தாராளம்தான். ஆனால் அந்த ஃபேனுக்குக் கரண்ட் எங்கிருந்து வரும், எந்த வழியாக வரும் என்பதை, ஒரு ரிலேயும் (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் ஸ்விட்ச்) ஒரு ஸ்விட்ச்சும் வைத்தால் போதும் என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார்கள். இந்த மாற்றம் செய்த வண்டிகள் வழியில் படுத்துக்கொள்வது பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான்.

மாற்றத்தில் பலன் இல்லை என்று சொல்ல வரவில்லை. பெல்ட் ஃபேன் இன்ஜின் சுற்றும் வேகத்தை நம்பியிருக்கிறது. லோ ரேஞ்ச் எனும் மிகக் குறைந்த வேகக் கியரில் பாறை மேல் ஊர்ந்து போகும்போது இன்ஜின் 1000, 1500 சுற்றில் முக்கிக்கொண்டிருக்கும், எதிர்க்காற்றும் கிடையாது. சூடு ஏறும் நேரத்தில் ஃபேன் சோம்பலாகச் சுற்றும். எலெக்ட்ரிக் ஃபேனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஐடிலிலும், அதாவது வண்டி நின்று இன்ஜின் சும்மா ஓடும்போதும், முழு வேகம் கொடுக்கும். தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் எதிர்க்காற்றே போதும், எந்த ஃபேனும் தேவைப்படாது. இதுவரை கட்டுரையோடு எனக்குச் சண்டை இல்லை.

இனி கணக்கு. பழைய தடித்த ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும் திராணியுள்ள 16 அங்குல ஃபேன், 12 வோல்ட்டில் 20 முதல் 30 ஆம்பியர் குடிக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடி இதுபோல் இரண்டு மூன்று மடங்கு. 10 ஆம்பியரில் ஓடும் 16 அங்குல ஃபேன் என்று ஒன்றைக் காட்டினால் 10-ஐ, இன்ஜின் ஓடும்போது கிடைக்கும் சுமார் 13 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள்: 130 வாட். ஒரு குதிரைத்திறன் 746 வாட். பெரிய இன்ஜினின் பெல்ட் ஃபேன் அதிக சுற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குதிரைத்திறனைத் தின்றுதான் காற்றைத் தள்ளுகிறது. அந்த வேலையை 130 வாட் எப்படிச் செய்யும்? பெட்டியில் அச்சடித்திருக்கும் காற்றளவு பெரும்பாலும் எதிரே தடையே இல்லாமல் அளந்தது. மூன்று நான்கு வரிசைக் குழாய்கள் உள்ள ரேடியேட்டரை முன்னால் வைத்தால் அந்த எண் நிற்காது. காற்றளவை விட ஆம்பியர் அளவைத்தான் நான் நம்புவேன்.

சரி, 25 ஆம்பியர் தேவை. வண்டியில் எவ்வளவு இருக்கிறது? பழைய லேண்ட் ரோவர்களில் வந்த லூகாஸ் சி40 டைனமோ (இன்ஜின் சுற்றில் கரண்ட் எடுக்கும் கருவி) முழு வேகத்தில் தருவதே 22 ஆம்பியர். ஐடிலில் அது சார்ஜ் செய்வதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அதே வேலைக்கு அடுத்து வந்த தொடக்ககால ஆல்டர்நேட்டர்கள் 34 முதல் 45 ஆம்பியர் வரை. அதுவும் இன்ஜின் நன்றாகச் சுற்றினால்தான். ஐடிலில் பாதி வந்தாலே பெரிது. ஹெட்லைட் இரண்டும் 9 ஆம்பியர், இக்னிஷன் 4, வைப்பர் 3 அல்லது 4. இதன்மேல் 25-ஐ ஏற்றினால் மிச்சத்தை பேட்டரி கைக்காசு போட்டுக் கொடுக்கிறது. இரவில் அரை மணி நேரம் ஊர்ந்தால் வோல்ட்டேஜ் இறங்கும், ஃபேன் தளரும், சூடு ஏறும், ஏறிய சூட்டில் ஃபேன் நிற்கவே நிற்காது. ஃபேன் வாங்கும் முன் 75 ஆம்பியருக்குக் குறையாத ஆல்டர்நேட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். டைனமோவைக் கழற்ற மனமில்லாதவர்கள் பெல்ட் ஃபேனோடு இருப்பதே உத்தமம்.

வயரிங்கில் எல்லோரும் மிச்சம் பிடிப்பது வயரின் தடிமனில். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் போக 2 மீட்டர், எர்த்துக்கு வர 2 மீட்டர் என்று வைத்து 25 ஆம்பியர் ஓடினால், வழியிலேயே முக்கால் வோல்ட் போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு சுமார் 0.3 வோல்ட். எர்த் வயரும் அதே தடிமனில் பேட்டரி நெகட்டிவுக்கோ இன்ஜின் பிளாக்குக்கோ நேராகப் போகட்டும். பெயின்ட் மேல் திருகிய எர்த்துக்கு எத்தனை தடித்த வயர் போட்டும் பயனில்லை.

பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் ஃபியூஸ். 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதாதா என்று கேட்பார்கள். 25 ஆம்பியர் விடாமல் ஓடும்போது சின்ன ஃபியூஸ் எரிவதற்கு முன் அதன் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும்; பெரிய வகை பிளேடு ஃபியூஸ் போடுங்கள். ஃபியூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து ஃபேனுக்கு. 86-க்கு இக்னிஷன் சாவியிலிருந்து கரண்ட், 85, சூடு ஏறினால் தானாக இணையும் தெர்மோ ஸ்விட்ச் வழியாக எர்த்துக்கு. ரிலே இல்லாமல் ஃபேனை நேராகச் சாவி லைனில் கொடுத்தால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும்: சாவியை அணைத்த பிறகும் ஓய்ந்து சுற்றும் ஃபேன் ஒரு குட்டி டைனமோவாகி அதே லைனுக்குக் கரண்ட்டைத் திருப்பி அனுப்பும், பெட்ரோல் இன்ஜின் சில நொடிகள் அணைய மறுக்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாடியோடு சேர்வது பாசிட்டிவ். அவற்றில் சிவப்பு, கறுப்பு நிறம் பார்த்து வயர் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். உள்ளே டயோடு வைத்த ரிலே அப்போதே கருகும். எந்த வண்டியானாலும் மாட்டியதும் கிரில் பக்கம் ஒரு தாளை நீட்டிப் பாருங்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் ஃபேனானால் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும், பறக்கக் கூடாது.

தெர்மோ ஸ்விட்ச்சுக்கு வருவோம். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சூடான கூலன்ட் வரும் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, ஸ்விட்ச் திருகும் அலுமினியத் துண்டு ஒன்றை இரண்டு கிளாம்ப்பால் செருகுவது சுலபமான வழி. ஒற்றை முனை ஸ்விட்ச்சுக்கு எர்த் அதன் உடம்பு வழியாகத்தான். அலுமினியத் துண்டின் இரு பக்கமும் ரப்பர். எர்த் எங்கிருந்து கிடைக்கும்? துண்டின் மேல் ஒரு திருகு போட்டு எர்த் வயர் இழுக்காவிட்டால் கொதித்தாலும் ஃபேன் ஓடாது. ஸ்விட்ச் கெட்டது என்று இரண்டு மூன்று வாங்கி மாற்றியவர்கள் உண்டு. ஹோஸ் வாய்க்குள் மெல்லிய சென்சார் குழாயைத் திணிக்கும் வகை எனக்குப் பிடிக்காது. கிளாம்ப்பை எவ்வளவு இறுக்கினாலும் அந்த இடத்தில் ஒரு நாள் கசியும்.

82 டிகிரி தெர்மோஸ்டாட் (அந்தச் சூட்டில் ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறக்கும் வால்வு) உள்ள இன்ஜினுக்கு மேல் ஹோஸில் 95-ல் ஓடி 90-ல் நிற்கும் ஸ்விட்ச் பொருந்தும். நிற்கும் வெப்பம் தெர்மோஸ்டாட் அளவுக்குக் கீழே இருந்தால் ஃபேன் ஓயவே ஓயாது. கீழ்த் தொட்டியில் பொருத்தினால் அங்கே வருவது ஆறிய கூலன்ட், ஆகவே குறைந்த டிகிரி ஸ்விட்ச் வேண்டும். கூலன்ட் குறைந்து மேல் ஹோஸ் காலியாகிவிட்டால் ஸ்விட்ச் நனையாது, உணராது. அதனால் தானாக, நிறுத்து, கட்டாய ஓட்டம் என்று மூன்று நிலை ஸ்விட்ச் ஒன்று டேஷ்போர்டில் இருந்தே ஆக வேண்டும்.

ஷ்ரவுட் (ரேடியேட்டர் முகம் முழுவதிலும் காற்றை இழுக்க வைக்கும் கூடு) இல்லாமல் ஃபேனை ரேடியேட்டரோடு அப்படியே ஒட்டினால், 18-க்கு 20 அங்குல முகத்தில் 16 அங்குல வட்டம் மறைப்பது 56 சதவீதம். மூலைகள் சும்மா இருக்கும். தகட்டில் ஷ்ரவுட் அடித்து, அதன் முகத்துக்கும் ரேடியேட்டருக்கும் 30 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். ரேடியேட்டர் துடுப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் கம்பியைக் கோத்து ஃபேனை இழுத்துக் கட்டுவதை நகரத்துக் காரில் மன்னிக்கலாம். காட்டுப் பாதை அதிர்வில் அது ரம்பம் மாதிரி குழாயை அறுத்துவிடும்.

பழைய ஃபேனைக் கழற்றிய இடத்தில் அதே போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். ஃபேனின் தடிமன் போனதால் போல்ட் அடி தட்டி நிற்கும். இறுகியதுபோல் தெரியும், ஆனால் வாட்டர் பம்ப் புல்லி தளர்ந்தே இருக்கும். நீளம் குறைந்த போல்ட் வேண்டும், அல்லது இழந்த தடிமனுக்கு வாஷர்.

ஆற்றைக் கடக்கும்போது பெல்ட் ஃபேன் தண்ணீரைக் கடித்து முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் கிழிப்பதுண்டு. அதனால்தான் முன்பெல்லாம் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு இறங்கினார்கள். எலெக்ட்ரிக் ஃபேனையும் நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். இறங்குவதற்கு ஓரிரு நிமிடம் முன்பே நிறுத்தினால் மோட்டார் கொஞ்சம் ஆறும். கொதிக்கும் மோட்டார் சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சேற்றுத் தண்ணீர் என்றால் கரையேறியதும் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ரேடியேட்டரைக் கழுவுங்கள். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போய் அப்பும்.

எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட்டைப் போட்டு, ஃபேனைக் கட்டாய ஓட்டத்தில் வைத்து 20 நிமிடம் ஐடிலில் விடுங்கள். பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் ஆல்டர்நேட்டர் போதவில்லை. பேட்டரிக்கும் ஃபேன் கனெக்டருக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரிலோ எர்த்திலோ குறை. ரிலேயையும் ஃபியூஸ் ஹோல்டரையும் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் கிரிம்ப், அதாவது வயர் முனையை அழுத்திப் பிடித்த இணைப்பு, சரியில்லை.

சூட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரோ ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டோ என்றால் இத்தனையும் வீண் செலவு, அதை முதலில் பார்த்துவிடுங்கள். கழற்றிய ஃபேனையும் அதன் நீள போல்ட்டுகளையும் தூக்கிப் போடாமல் ஒரு சாக்கில் சுற்றி வண்டியிலேயே வையுங்கள். ஷ்ரவுட்டை மேலிருந்தே கழற்ற முடிகிற மாதிரி அடித்திருந்தால், மோட்டார் காட்டில் கைவிட்ட அன்று பழைய ஃபேனை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் வாசகர்