ஹெரால்டு கதவு இப்போ மூடுது மாப்ள

மாப்ள,

நல்லா இருக்கியா, முட்டி வலி தேவலையா, தங்கச்சிய நான் கேட்டதா சொல்லு. மூணு மாசமா ஒரு வரி எழுதலன்னு கோவிச்சுக்காத, ஞாயித்துக்கிழமை எல்லாம் ஷெட்லயே போயிடுது. அப்பாவோட பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார பிரிச்சிட்டோம்டா. மகாபலிபுரம் போய்ட்டு வர்றப்போ மழைல வைப்பர் நின்னு போய் நீ தலைய வெளிய நீட்டி வழி சொல்லிட்டே வந்தியே, அதே வண்டிதான்.

பெயிண்ட் மட்டும் அடிச்சா போதும்னுதான் ஆரம்பிச்சேன், வெளிய பாக்க அவ்ளோ சுத்தமா இருந்துச்சு. டிங்கர் பாய் வந்தாரு, பாக்கெட்லேர்ந்து ஒரு காந்தத்த எடுத்து டிரைவர் பக்க கதவுக்கு கீழ நீளமா ஓடற தகடு, சில்லுன்னு சொல்லுவாங்க, அது மேல வெச்சாரு, ஒட்டாம டொக்குனு விழுந்துச்சு. ரெண்டு இஞ்சு தள்ளி வெச்சாரு, அங்கயும் விழுந்துச்சு. உளி வெச்சு தட்டினா சுண்டுவிரல் கனத்துக்கு, பள்ளத்த மறைக்க பூசற பட்டி பாளம் பாளமா வருது, உள்ள சாக்குத்துணிய சுருட்டி அடைச்சு வெச்சிருக்காங்க, தகடே இல்ல. முன்னாடி யாரோ பண்ண அந்த வேலைக்கு அப்பா பென்ஷன் காச குடுத்தாருடா, அதான் எனக்கு இன்னும் ஆறல.

ஆனா இந்த வண்டில ஒரு நல்லது இருக்கு. 1959ல இங்கிலாந்துல டிரையம்ஃப் கம்பெனி இத கொண்டு வந்தப்போ முழு பாடிய அடிச்சு தர்ற ஆள் அவங்களுக்கு அமையல, அதனால அடில தாங்கற சட்டம், அதான் சேசிஸ், தனியா போட்டு பாடிய துண்டு துண்டா போல்ட்ல சேத்தாங்க, டிசைன் இத்தாலிக்காரர் மிச்சலோட்டி போட்டது. 1961லேர்ந்து நம்ம மெட்ராஸ்ல செஞ்சதும் அதே அமைப்புதான். பானெட்டும் முன் மட்கார்டும் ஒண்ணா முன்னாடி சாயும், வெளி சில்லு ஸ்பானர் வெச்சா கழண்டு வந்துடும். அம்பாசடர்னா வெட்டித்தான் ஆகணும்.

சரி சில்ல மாத்திடலாம்னு ஸ்பானர எடுத்தேன், பாய் கைய புடிச்சு நிறுத்திட்டாரு. இந்த கதவு சரியா மூடாம இறங்கி நிக்கறது கீல்னால இல்ல சார், கீழ படுத்து பாருங்கன்னாரு. டார்ச் அடிச்சு பாத்தா சேசிஸ்லேர்ந்து பக்கவாட்டுல நீட்டிட்டு பாடிய தாங்கற அவுட்ரிகர், ஸ்க்ரூ டிரைவர் குத்தினா அப்பளமா உடையுது. அது மேல எவ்ளோ புது தகடு போட்டாலும் கதவு மறுபடி தொங்கத்தான் செய்யும். அதனால கதவு வாசல்ல குறுக்க பைப் வெல்டு பண்ணி, பாடிய சேசிஸ் மேலயே வெச்சு, ஒரு அவுட்ரிகர வெட்டி புதுசு வெச்ச அப்புறம்தான் அடுத்தத தொட்டாரு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல வெட்டிட்டா எது எங்க இருந்துச்சுன்னு அளவே போயிடுமாம். ஃப்ளோருக்கு புதுப்பேட்டைல 18 கேஜ் ஷீட்ட மடிச்சு வாங்கினோம். ஒரு இஞ்சு வெல்டு, ஆற விட்டு எதிர்ப்பக்கம் ஒரு இஞ்சு, தொடர்ந்து இழுத்தா சூட்டுல ஷீட் நெளிஞ்சுடும். முழுசா ரெண்டு ஞாயிறு ஆச்சு.

சில்லு இங்கிலாந்துலேர்ந்து வரவெச்சேன், அங்க இன்னும் புதுசா அடிச்சு விக்கறாங்க, கஸ்டம்ஸ் கட்டினதுதான் வயிறு எரிஞ்சுது. நாலு கதவு ஹெரால்டு வெச்சிருக்கவங்க பாவம், அந்த பாடி இங்க மட்டுமே வந்தது, பின் கதவுக்கு கையாலதான் தகடு தட்டணும்.

பின் மட்கார்ட முழுசா மாத்திடலாம்னு பையன் சொன்னான், நான் ஒத்துக்கல. அடில ஒரு சாண்தான் அரிச்சிருக்கு, அத மட்டும் வெட்டி ஒட்டு போட்டாச்சு. மேல அப்பா வீட்டு கேட்ல இடிச்ச சொட்டை இருக்குல்ல, அதுல பட்டி வைக்கக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நல்ல தகட்ட தூக்கி போட எனக்கு மனசு வராதுடா.

போன ஞாயிறு பாடி போல்டுக்கு அடில ரெண்டு வாஷர் போட்டு ஏத்தினோம், கதவு இடைவெளி மேலயும் கீழயும் ஒண்ணா வந்துச்சு. ரெண்டு விரலால தள்ளினேன், க்ளிக்குனு மூடிக்கிச்சு. பாயும் நானும் ஒண்ணும் பேசல, திருப்பி திருப்பி தொறந்து மூடிட்டே இருந்தோம்.

இப்போ முன்னாடி இடது பக்க வேலன்ஸ், அதான் பம்பர் கிட்ட கீழ வர்ற தகடு, அது மட்டும் கிடைக்கல. உக்கடம் பழைய இரும்பு கடைங்க பக்கம் போனா கொஞ்சம் விசாரி, போட்டோ அனுப்பறேன். துரு இருந்தாலும் பரவால்ல, வளைவு சரியா இருந்தா போதும்.