மைத்ரியில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அண்டார்க்டிகாவில் உள்ள நம் நாட்டு ஆய்வு நிலையமான மைத்ரிக்குத் தெற்கே பனியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். புவியியல் வாத்தியாரின் மகள் அப்படி எழுதலாமா? உன் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர் தென்மேற்கே, ராணி மாட் நிலத்தின் டிரைகால்ஸ்கி மலைகளில், உல்வேதன்னா என்றொரு சிகரம் நிற்கிறது.

அதன் உயரம் சுமார் 2,930 மீட்டர். ஆனால் அடிவாரம் பனிக்குள் புதைந்து கிடப்பதால், கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஆயிரம் மீட்டர்ச் செங்குத்துப் பாறை மட்டுமே. 1938-39இலேயே ஜெர்மானியக் குழுவினர் விமானத்திலிருந்து இம்மலைகளைப் படம் பிடித்துவிட்டார்கள் என்றாலும், அதன் உச்சியில் மனிதர் கால் வைத்தது 1994இல்தான். ஏறியவர்கள் நார்வே நாட்டினர்.

பீடபூமியிலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும் பனிப்பாளத்துக்கு இம்மலைகள் அணைபோல் குறுக்கே நிற்கின்றன. மலையிடுக்குகள் வழியாகத்தான் பனி கீழே இறங்க வேண்டியிருக்கிறது. பீடபூமியில் குளிர்ந்து கனத்த காற்றும் அதே சரிவில் இறங்கி, பாறையில் மோதிச் சுழன்று, அதன் அடியைச் சுற்றிப் பெரும் பள்ளங்களைப் பறித்துவிடுகிறது. உன் கருவிகளில் நாள்தோறும் பதிவாகும் தென்கிழக்குக் காற்றும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். அங்கே நண்பகலில் சூரியன் வடக்கே நிற்பதால், வடமுகப் பாறை சூடேறி, காற்று உறைநிலைக்குக் கீழே இருக்கும்போதே அதன்மேல் படிந்த பனி கசியத் தொடங்கும். அந்த நீர் விரிசலில் இறங்கி மீண்டும் உறைந்து விரியும்போது பாறை பிளக்கிறது. உதிர்ந்த கற்களைப் பனி சுமந்துகொண்டு போகிறது.

உயிரே இல்லாத இடம் என்றும் நினைத்துவிடாதே. சிகரத்துக்கு மேற்கே, கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஸ்வார்தாமரன் பாறைச்சரிவில் அண்டார்க்டிக் பெட்ரல் பறவைகள் பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. குஞ்சுக்கு இரை வேண்டுமென்றால் கடல்வரை பறந்து திரும்ப வேண்டும்!

இந்த மலைத்தொடர்களில் கிரானைட்டோடு சார்னோகைட் என்னும் பாறையும் உண்டு. நம் பல்லாவரம், பரங்கிமலைக் கல்லுக்கு 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் சூட்டிய பெயர் அது. வயதில் நம் கல்தான் மூத்தது: இதற்கு 250 கோடி ஆண்டுகளுக்கு மேல், அதற்குச் சுமார் 50 கோடி.

நிலையத்தைச் சுற்றிப் பனி கொண்டுவந்து போட்ட கற்களில், சார்னோகைட்டுக்கே உரிய, எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பும் நீலம் பாய்ந்த குவார்ட்ஸும் உள்ளது ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து எழுது. படம் போதும், கல்லை எடுத்து வந்துவிடாதே, அங்கே அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது.

அன்புடன்,
அப்பா