இடுப்பு மூட்டு வலிக்கு மதிய நேர இயன்முறை (பிசியோதெரபி) சிகிச்சை கோரும் மனு

அனுப்புநர்
ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள்,
பேச்சிப்பாறை வட்டாரம்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: மலையோர ஊர்களுக்கு இயன்முறை மருத்துவர் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் பால்வெட்டப் போகிறவர்கள் நாங்கள். பால் வடிய ரப்பர் மரப்பட்டையில் போடும் வெட்டு ஆண்டுக்காண்டு கீழே இறங்கும். அது இறங்க இறங்க நாங்களும் குனிந்து, குத்தவைத்து வெட்ட வேண்டும். அப்புறம் பால் வாளியோடு சரிவில் ஏறி இறங்க வேண்டும். ஐம்பது வயது தாண்டிய பலருக்கு இப்போது இடுப்பு மூட்டு தேய்மானம். வலி தொடை இடுக்கில் பிடிக்கும். பஸ் படியில் ஏற, காலைக் கையால் தூக்கி வைக்கிறவர்கள் எங்களில் உண்டு. நடுவலி (முதுகுவலி) என்று நினைத்துத் தைலம் தேய்த்தே வருடங்களைப் போக்கியவர்களும் உண்டு.

வலி மாத்திரையை நெடுநாள் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, சரி. அதற்கு முந்தைய வருடங்களுக்குத்தான் வழி கேட்கிறோம். இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை விடாமல் செய்தால் வலி குறையும், நடமாட்டம் எளிதாகும். ஆனால் ஒரு தடவை செய்து காட்டி அனுப்பினால் போதாது. சில வாரம் பக்கத்தில் நின்று திருத்த ஆள் வேண்டும்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகலாமே என்பார்கள். இங்கிருந்து போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. மழைக்காலத்தில் வெட்டே இல்லாமல் கிடக்கும் எங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

ஆகவே, மலையோர ஊர்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை ஒன்றில் வாரம் இரண்டு நாளாவது இயன்முறை மருத்துவர் வர ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். நேரம் முக்கியம். வெட்டும் பால் எடுப்பும் முடிந்து மதியத்துக்குப் பிறகே எங்களால் வர முடியும், காலை ஓ.பி. நேரத்தில் வைத்தால் அறை காலியாகத்தான் கிடக்கும். நடக்கவே முடியாதவர்களை, 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வீட்டு இயன்முறை சிகிச்சையில் சேர்க்க வேண்டும்.

மெல்லிய ஊசி குத்தும் அக்குபஞ்சர் சிகிச்சையும் வேண்டும் என்று எங்களில் சிலர் கேட்கிறார்கள். இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு அது, ஒப்பிட்டுப் பார்க்கச் சும்மா குத்தும் போலி ஊசியைவிடப் பெரிதாக உதவுவதில்லை என்றே, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆனாலும் கொஞ்சம் இதமாக இருக்கிறது என்று, கண்ட இடத்தில் காசு கொடுத்துக் குத்திக்கொள்கிறார்கள். அதைவிட, அரசின் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் பயிற்சி பெற்றவர் புது ஊசியால், உடற்பயிற்சிக்குத் துணையாக மட்டும் செய்வது மேல். ஒருவரைத்தான் நியமிக்க முடியும் என்றால் இயன்முறை மருத்துவரையே தாருங்கள்.

இப்படிக்கு,
பால்வெட்டுத் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)