அசனத்துக்கு வந்துவிடு

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அப்பா எழுதுவது.

போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

உனக்கு வேலை போனது அம்மா சொல்லித்தான் தெரியும். அதைவிட எனக்கு வலித்தது, கோயிலில் சபையார் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும் அசனத்தைப் பற்றி நீ அவளிடம் அடுத்துச் சொன்னது. "இந்த வருஷம் அசனத்துக்கு வரலம்மா. இப்ப என்ன செய்றேன்னு கேட்டா எந்த முகத்தோட பதில் சொல்றது?" இரண்டு ராத்திரி இதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்தக் கேள்விக்கு உன்னைப் பழக்கியவனே நான்தான். கோயில் வாசலில் யார் விசாரித்தாலும், "பெங்களூர்ல பெரிய கம்பெனி, மேனேஜர், சொந்த ஃபிளாட், கார்" என்று வரிசையாகச் சொல்லுவேன். "என் மகன்" என்பதோடு ஒரு நாளும் நிறுத்தியதில்லை. நீ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாய். கேட்டுக் கேட்டு, அந்தப் பட்டியல்தான் நீ என்று நம்பிவிட்டாய். என் தப்புதான் ஐயா. மன்னித்துக்கொள்.

பெரியப்பாவும் நானும் பேசாமல் இருந்த வருஷங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். விளைநிலத்தில் முப்பது சென்ட், பத்துப் பனை. அதற்காகக் கோர்ட்டு வரை போனோம். ஒரே கோயிலில் அவர் முன்வரிசை, நான் கடைசி பெஞ்ச். நற்கருணைக்கு அவர் எழுந்து போய் வந்து உட்கார்ந்த பிறகுதான் நான் எழுந்திருப்பேன். அப்படி ஒரு ஞாயிறு லூக்கா 12-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். சொத்தைப் பாகம் பிரித்துத் தரச் சொல்லும்படி ஒருவன் இயேசுவிடம் வந்து தன் சகோதரன்மேல் முறையிடுகிறான். எனக்கு முகம் வேர்த்துவிட்டது. "ஒருவனுக்கு எவ்வளவு திரளான ஆஸ்தி இருந்தாலும் அது அவனுக்கு ஜீவன் அல்ல" என்று இயேசு எல்லாரிடமும் சொன்னது அவன் அப்படிக் கேட்டதால்தான்.

அப்புறம் வருகிற ஐசுவரியவானின் கதையை நீ ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொன்னவன். இப்போது ஒரு தடவை நிதானமாக வாசி. அவன் திருடவில்லை, யாரையும் ஏமாற்றியதாகவும் இல்லை. நிலம் நன்றாய் விளைந்தது, பெரிய களஞ்சியம் கட்ட நினைத்தான், அவ்வளவுதான். ஆனால் அவன் பேச்சைக் கவனி. என் தானியம், என் களஞ்சியம், என் பொருள்கள். மனைவி, பிள்ளை, அறுத்துக் கொடுத்த கூலிக்காரன், ஒருவர் பேரும் வரவில்லை. கடைசியில் சந்தோஷத்தைச் சொல்லவும் ஆள் இல்லாமல் தன் ஆத்துமாவோடே பேசிக்கொள்கிறான். களஞ்சியம் பெரிதாகப் பெரிதாக மனுஷன் எவ்வளவு தனியாகிவிட்டான் பார். அந்தத் தனிமையை நான் முப்பது சென்டில் அனுபவித்திருக்கிறேன். நீ உன் ஃபிளாட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

உன் ஞானஸ்நானம் உனக்குத் தெரியாது. மூன்று மாதக் குழந்தை. பெரியம்மா தைத்த வெள்ளைச் சட்டை ஒன்றுதான் உன் உடைமை. சபைப் போதகர் ஐயர் உன்னைக் கையில் வாங்கிக்கொண்டு பெயரைக் கேட்டார். பெயரை மட்டும் சொன்னோம். இனிஷியல்கூட இல்லை. தண்ணீர் ஊற்றி, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். நீ வீறிட்டு அழுதாய். படிப்பு, சம்பளம், பதவி என்று எதுவும் ஒட்டிக்கொள்வதற்கு முன்னால் நீ யார் என்பது அங்கே முடிவாகிவிட்டது. "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்று ஏசாயா 43-இல் இருக்கிறதே, அது ஊரையும் நிலத்தையும் தேவாலயத்தையும் இழந்து பாபிலோனில் சிறையிருந்த ஜனத்துக்கு வந்த வார்த்தை. கையில் ஒன்றும் இல்லாதவர்களிடம்தான் கர்த்தர் அப்படிச் சொன்னார்.

ஆச்சி உலையில் அரிசி போடுமுன் ஒரு கை எடுத்து மண்கலயத்தில் போடுவாள், மிஷனரி ஊழியத்துக்கு. வீட்டில் கூழ் குடித்த நாட்களிலும் அந்தக் கலயம் காய்ந்ததில்லை. தெலுங்கு நாட்டுக்கு மிஷனரிகளை அனுப்ப 1903-இல் பாளையங்கோட்டையில் சங்கம் தொடங்கினார்களே, அதைத் தாங்கியவர்களில் ஆச்சியைப் போன்ற ஏழைகள் எத்தனையோ பேர். தன்னை இல்லாதவள் என்று ஆச்சி சொல்லி நான் கேட்டதே இல்லை.

பணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் வீட்டுத் தவணை கட்டியாக வேண்டும். காரை விற்றுவிடலாமா என்று யோசி. என் வைப்புநிதி ஒன்று அடுத்த மாதம் முதிர்கிறது, நான்கைந்து தவணைக்கு வரும். கடனாக வேண்டாம், வாங்கிக்கொள். வேலை தேடு. கிடைக்க நாளாகலாம், ஆகட்டும்.

ஆனால் அசனத்துக்கு வா. யார் கேட்டாலும் இந்தத் தடவை "என் மகன்" என்று மட்டும் சொல்லி நிறுத்துவேன்.

வியாழன் ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் வெள்ளி மதியத்துக்குள் தூத்துக்குடி வந்துவிடலாம். ஸ்டேஷனுக்குப் பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார். சின்ன வயதில் பந்தியில் ரசவாளி தூக்கிக்கொண்டு ஓடுவாயே, இந்த வருஷம் அதற்கு ஆள் குறைவாம். உன் பேரைக் கொடுத்துவிட்டேன்.

அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள்.

ஜெபத்துடன்,
அப்பா