உமையாளின் மேற்படிப்பு: லெட்சுமணனுக்கு ஒரு கடிதம்

காரைக்குடி,
ஆவணி மாதம்

அன்புள்ள லெட்சுமணா,

உன் கடிதம் வந்தது. வாட்ஸப்பில் இரண்டு வரி தட்டிவிடாமல் இன்னமும் பேனா பிடித்து எழுதுகிற ஆள் நீ ஒருத்தன்தான். அதனால் நானும் நிதானமாகவே எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். வேலையிலிருந்து ஓய்வு வந்தது, முழங்கால் வலி ஓய்கிற வழியைக் காணோம். ஊரை 2024-இல் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். செக்காலை ரோட்டு நெரிசலுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

உமையாள் விஷயத்துக்கு வருகிறேன். பி.எஸ்சி. முடித்துவிட்டாள், எம்.எஸ்சி.க்கு அழகப்பா பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா, அங்கே என்னென்ன ஆய்வு நடக்கிறது, எதற்கு ஸ்கோப் என்று கேட்டிருக்கிறாய். சென்னையில் இருந்துகொண்டு காரைக்குடிக்கா என்று ஆச்சி கேட்பதும் நியாயம்தான். நான் காலமெல்லாம் விலங்கியல் நடத்தினவன். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அங்கே முனைவர் பட்டத்துக்கு வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கிற சாக்கில் நான் போய்வருவது உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்: ஸ்கோப்பைக் கொஞ்சம் ஓரமாக வை. பலகையில் எல்லாமே உயிரியல், உயிரித்தொழில்நுட்பம் என்றுதான் இருக்கும். உள்ளே போனால் ஒருத்தி புழுவோடு இருக்கிறாள், ஒருத்தன் இறாலோடு இருக்கிறான், இன்னொருத்தன் விடிந்ததிலிருந்து அடைகிற வரை கம்ப்யூட்டர் திரையோடு. உமையாள் வருஷக்கணக்கில் எதோடு மல்லுக்கட்டப் போகிறாள், அதற்கு அவள் சுபாவம் ஒத்துவருமா என்பதை முதலில் பார்.

புழுவிலிருந்து ஆரம்பிக்கிறேன், எனக்கு அதன்மேல் ஒரு சாய்வு உண்டு. உயிரித்தொழில்நுட்பத் துறையில் பல வருஷமாக சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற புழுவை வைத்து வேலை நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம்தான். அழுகும் பழத்திலும் இலையிலும் பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும், யாருக்கும் நோய் தராது. சிட்னி பிரென்னர் என்ற விஞ்ஞானி 1960-களில் தேடிப் பிடித்து இதை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தார். வளர்ந்த புழுவின் உடற்செல்கள் 959, அதில் நரம்புச் செல்கள் 302. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எந்தச் செல் எதிலிருந்து பிரிந்து வந்தது என்று முழு வம்சாவளியையும் எழுதி வைத்திருக்கிறார்கள். விலங்குகளிலேயே முதன்முதலில் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது இதற்குத்தான், 1998-இல். 2002, 2006, 2008, 2024 என்று நான்கு முறை நோபல் பரிசு வாங்கிய வேலைகளில் இதற்குப் பங்கு இருக்கிறது.

என் பழைய மாணவி ஒருத்தி ஒரு பிளேட்டை, அதாவது கிருமி வளர்க்கும் சின்னத் தட்டை, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் காட்டினாள். அகார் என்ற ஜெல்லியின் மேல் ஈ.கோலை பாக்டீரியா மங்கலாக ஒரு வட்டம் படர்ந்திருக்கிறது. அதில் புழுக்கள் நெளிந்து நெளிந்து போகின்றன, போன தடமெல்லாம் எஸ் எஸ்ஸாகப் பதிந்து கிடக்கிறது. தோல் ஒளி ஊடுருவுவதால் வயிற்றுக்குள் வரிசையாக முட்டைகள் தெரிகின்றன. நுனியைத் தட்டையாக்கிய பிளாட்டினக் கம்பியில் துளி பாக்டீரியாவைத் தொட்டுக்கொண்டு, அந்தப் பசையில் புழுவை ஒட்டவைத்து ஒவ்வொன்றாக வேறு பிளேட்டுக்கு மாற்றுகிறாள். அந்தப் பிளேட்டில் இருப்பது நோய்க்கிருமி. பிறகு குறித்த நேரத்துக்கு ஒரு தடவை வந்து கம்பியால் தொட்டுப் பார்க்க வேண்டும். அசைந்தால் உயிரோடு இருக்கிறது, அசையாவிட்டால் செத்துவிட்டது என்று நோட்டில் குறிக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கும் அந்த நேரம் வரும். எந்தக் கிருமி எவ்வளவு வேகத்தில் கொல்கிறது, அப்போது புழுவுக்குள் எந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, என்ன கொடுத்தால் புழு தப்பிக்கிறது என்பதெல்லாம் இப்படித் தொட்டுத் தொட்டுத்தான் தெரியவருகிறது. எலியை வைத்துச் செய்தால் மாதக்கணக்காகும், விலங்குக்கூடம் வேண்டும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இந்தப் புழு முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு நாலு நாளுக்குள் வந்துவிடும், மொத்த ஆயுளே இரண்டு மூன்று வாரம்தான்.

ஒரே தொல்லை, அதற்கு 20 டிகிரி வேண்டும். 25-ஐத் தாண்டினால் முட்டை குறையும், 27-க்குப் போனால் மலடாகிவிடும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில், சூட்டைச் சீராக வைக்கும் இன்குபேட்டர் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். கரண்டு போகிற சத்தத்துக்கே ஓடுகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அதே துறையில் நடக்கும் இன்னொரு வேலை உனக்கே பிடிக்கும். பாக்டீரியா ஒவ்வொன்றும் சிறு மூலக்கூறு ஒன்றைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கூட்டம் பெருகப் பெருக அந்த மூலக்கூறும் அடர்த்தியாகும். ஒரு அளவைத் தாண்டியதும், ஆள் சேர்ந்துவிட்டது என்று அறிந்து எல்லாம் ஒரே நேரத்தில் நஞ்சைச் சுரக்கும், பசைப்படலம் கட்டும். உங்கள் பெரிய வீட்டில் பங்காளிகள் முக்கால்வாசிப் பேர் வந்து சேருகிற வரை ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்களே, அதே கதைதான். இதற்குக் கோரம் சென்சிங் என்று பெயர். கடலில் ஒளிரும் பாக்டீரியாவை வைத்து 1970-இலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். அந்தப் பசைப்படலத்தைப் பயோஃபிலிம் என்பார்கள். பல்லில் காரையாகப் படிவதும் சிறுநீர் இறங்க ஆஸ்பத்திரியில் பொருத்தும் குழாயில் படிந்து நோயாளியைப் படுத்துவதும் அதுதான். அதற்குள் உட்கார்ந்துவிட்ட கிருமியை ஆன்டிபயாட்டிக் லேசில் எட்டாது.

இதைச் சோதிக்க ஊதா நிறம் சுரக்கும் குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற கிருமியை வைத்திருக்கிறார்கள். பிளேட் முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். நடுவில் சோதனைப் பொருள் தோய்த்த சின்னக் காகித வில்லை. மறுநாள் வில்லையைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். வளையம் தெளிவாக, அடி தெரிகிற மாதிரி இருந்தால் கிருமி செத்திருக்கிறது. அதில் இவர்களுக்கு அக்கறை இல்லை. வளையம் பால் மாதிரி மங்கலாக, நிறம் மட்டும் போய் இருந்தால்தான் முகத்தில் சிரிப்பு. கிருமி உயிரோடு வளர்ந்திருக்கிறது, ஆனால் தங்களுக்குள் சேதி எட்டாததால் ஊதாவைச் சுரக்கவில்லை. கொல்ல முயன்றால் தப்பிப் பிழைக்கிற ஒன்றிரண்டு மருந்துக்கு மசியாத வம்சமாகப் பெருகும். கொல்லாமல் பேச்சை மட்டும் அறுத்தால் அந்த நெருக்கடி குறையும் என்பது எதிர்பார்ப்பு. அப்படி அறுக்கும் பொருளுக்காக மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளை ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் வரை போய்த் தேடியிருக்கிறார்கள். மருந்துக்கடைக்கு வருகிற நிலையில் இன்னும் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இறால் பக்கம் போனால் வாடை வேறு. விலங்கு நலத் துறையில் இறால், நண்டு இவற்றின் நோய் எதிர்ப்பைப் பற்றி வேலை நடக்கிறது. தொண்டியில் கடலியலுக்கென்று தனி வளாகமே இருக்கிறது. நமக்கு இருப்பதுபோல் ஆன்டிபாடி இறாலுக்குக் கிடையாது, ஆகவே நமக்குப் போடுகிற பாணியில் அதற்குத் தடுப்பூசி போட்டு நினைவில் வைத்துக்கொள்ளச் செய்ய முடியாது. பிறவியிலேயே வந்த தற்காப்பு மட்டும்தான். ஓட்டில் காயம் பட்ட இடம் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பாய், அழுகல் என்று நம்ம வீட்டில் ஒதுக்குவார்கள். உயிரோடு இருக்கும் இறாலில் அந்தக் கறுப்பு, கிருமி மேலே பரவாமல் அது மெலனின் என்ற கறுப்பு நிறமியால் போட்டுக்கொள்ளும் பூட்டு. 1990-களின் நடுவில் வெண்புள்ளி வைரஸ் வந்து கடற்கரைப் பண்ணைகளை எப்படித் துடைத்துப்போட்டது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், உன் பெரியப்பா வீட்டுப் பணமும் அதில்தானே போனது. அதன் பிறகு 2009-இல் வன்னாமி என்ற வெளிநாட்டு இறாலை வளர்க்க அனுமதித்தார்கள். ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டினால் ஏற்றுமதிச் சரக்கில் மிச்சம் தங்கி, போன கப்பலிலேயே திரும்பி வரும். அதனால்தான் நன்மை செய்யும் பாக்டீரியாவைத் தீவனத்தில் கலப்பது, விப்ரியோ கிருமியின் பயோஃபிலிமை உடைப்பது என்று வேலை போகிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் குளத்துக்காரர்களோடு பேசத் தெரிய வேண்டும். உமையாள் நாலு பேரோடு சளசளவென்று பேசுகிறவள், இது அவளுக்குச் சரிப்படலாம். நாற்றம் தாங்குவாளா என்பது உங்கள் பாடு.

திரை வேலை, அதாவது உயிர்த்தகவலியல், தனித் துறை. நோய்க்குக் காரணமான புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கம்ப்யூட்டரில் நிறுத்தி, அதன் குழியில் எந்த மூலக்கூறு பொருந்தும் என்று தேடுவார்கள். இந்த வழியில் நம்மவர் கை பழையது. மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என்.ராமச்சந்திரன் 1954-இல் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் மூன்றிழை வடிவத்தைச் சொன்னார், அதற்கு உதவியது கங்காரு வால் நார். 1963-இல் வந்த ராமச்சந்திரன் வரைபடத்தில்தான் இன்றைக்கும் புரத வடிவம் சரியா என்று உரசிப் பார்க்கிறார்கள். இப்போது ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்து 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களைக் கணித்துக் கொட்டிவிட்டது. 2024 வேதியியல் நோபலில் பாதி அதற்குப் போனது. இனி இந்தத் துறை எதற்கு என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வடிவம் தெரிந்தால் மருந்து வந்துவிடாது. ஆனால் நிரல் எழுதத் தெரியாமல் மென்பொருளில் பொத்தான் மட்டும் அழுத்தக் கற்ற பிள்ளைக்கு இனிமேல் கஷ்டம்தான். உமையாளுக்குக் கணக்கு எப்படி?

ஒரு எச்சரிக்கை. பொதுவாக நம் மாநிலத்தில் ஒரு வகைக் கட்டுரை மலிந்து கிடக்கிறது. ஏதோ ஒரு இலையைப் பறித்து, காயவைத்து, மெத்தனாலில் ஊறப்போட்டு, பிளேட்டில் ஊற்றினால் கிருமி சாகும். வெள்ளி நானோ துகளும் சேர்த்தால் இன்னொரு கட்டுரை. பிளேட்டில் கிருமியைக் கொல்வது பெரிய காரியம் இல்லை, பினாயிலும் கொல்லும். எந்த மூலக்கூறு, எந்த அளவில், மனித செல்லுக்கு என்ன செய்கிறது என்று அடுத்த கேள்வி கேட்கிறவர் வழிகாட்டியாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். ஆச்சி குழம்பில் போடும் கல்பாசி இருக்கிறதே, அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். வேறெங்கும் கிடைக்காத அமிலங்களை அந்தக் கூட்டு சுரக்கிறது. ஒழுங்காகச் செய்தால் அதிலேயே ஒரு முனைவர் பட்டத்துக்கு வேலை இருக்கிறது.

பக்கத்திலேயே சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருப்பதையும் மறக்காதே. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. 1948 ஜூலை 25-இல் நேரு கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்வேதியியல்தான் அங்கே பிரதானம், ஆனாலும் பாக்டீரியா இரும்பை அரிப்பது, பயோசென்சார் என்று உயிரியல் படித்தவர்களுக்கும் வேலை உண்டு.

வேலைவாய்ப்பு பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். எம்.எஸ்சி.யோடு நின்றால் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாடு, பரிசோதனைக்கூடம், இல்லாவிட்டால் பி.எட். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை எடுத்துவிட்டால் கதை வேறு, 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. அந்தத் தேர்வுக்கு எம்.எஸ்சி. முதல் வருஷமே உட்கார்ந்து படிக்க வேண்டும். கல்யாணப் பேச்சை அதுவரை யாரும் எடுக்காதிருக்க நீ பொறுப்பு.

ஊர்ச் சேதி ஒன்று. உங்கள் வீட்டு முகப்புச் சுவரில் மழைநீர் இறங்கிய இடமெல்லாம் கறுத்திருக்கிறது. நீலப்பச்சைப் பாசியும் பூஞ்சையும் கட்டிய படலம், அதுவும் பயோஃபிலிம்தான். ஆசிட் ஊற்றித் தேய்க்கலாம் என்று உன் தம்பி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து தடுத்துவிடு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு அது, ஆசிட் பட்டால் பாசியோடு பூச்சும் கரைந்துவிடும். ஓட்டில் ஒழுகும் இடத்தை அடைத்துவிட்டு, சுவர் காய்ந்ததும் மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தாலே பாதி போகும். பங்காளிகள் கையெழுத்துக்குக் காத்திருந்தால் அதுவும் நடக்காது.

முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வரும்போது உமையாளையும் கூட்டிவா. பல்லவன் ரயிலில் வந்தால் ராத்திரிதான் வந்து சேருவீர்கள், மறுநாள் காலையில் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். முன்கூட்டியே தேதி சொன்னால் என் மாணவியிடம் கேட்டு வைக்கிறேன். நீயும் நானும் கூடவே நின்று கேள்வி கேட்டால் உமையாள் வாயைத் திறக்க மாட்டாள், அதனால் அவளை உள்ளே விட்டுவிட்டு நாம் வெளியே கேன்டீனில் உட்காருவோம். மதியச் சாப்பாடு நம்ம வீட்டில்.

அன்புடன்,
பழனியப்பன்