டேலி எம் பதக்கமும் நான்காவது இடத்து ப்ராப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய ரக்பி லீக் போட்டியில் ஆண்டின் சிறந்த வீரருக்குத் தரும் டேலி எம் பதக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். கிரிக்கெட்டைத் தாண்டி ஃபுட்டிக்கும் (ரக்பி லீக்கை இங்கே அப்படித்தான் சொல்கிறோம்) நம் பத்திரிகையில் இடம் கிடைத்ததில் மகிழ்ச்சி. வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் வளரும் நம் பிள்ளைகள் பலர் உள்ளூர் அணியான பாரமாட்டா ஈல்ஸ் சட்டையோடுதான் திரிகிறார்கள். பெற்றோர்தான் இன்னும் விதிமுறை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கட்டுரையில் ஓர் இடம் மட்டும் எனக்கு ஒப்பவில்லை. ஆட்டத்தைத் தீர்மானிப்பவர்கள் பாஸ்களை இயக்கும் ஹாஃப்பேக்கும் கடைசிக் காவலாக நிற்கும் ஃபுல்பேக்கும்தான், ஆகவே ஆண்டின் சிறந்த வீரர் பதக்கம் அவர்களுக்குப் போவது இயல்பு என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். இயல்பு என்று அதை விட்டுவிட முடியாது. புள்ளி போடும் முறையே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

1998 முதல் வென்றவர்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஆண்ட்ரூ ஜான்ஸ் மூன்று முறை, ஜொனாதன் தர்ஸ்டன் நான்கு முறை, அப்புறம் கூப்பர் க்ரோங்க், பில்லி ஸ்லேட்டர், டெடெஸ்கோ, டிரபோயெவிச், நிக்கோ ஹைன்ஸ், பொங்கா, ஜெரோம் ஹியூஸ். எல்லாரும் ஹாஃப், அவருக்கு ஜோடியான ஃபைவ்-எய்ட்த், ஃபுல்பேக் ஆடியவர்கள். இரு அணியினரும் தோளோடு தோள் முட்டும் ஸ்க்ரம்மில் முதல் வரிசையில் நிற்கும் முன்வரிசைக்காரர்கள் என்று தேடினால், அதன் நடுவில் நிற்கும் ஹூக்கர்களான டேனி புடெரஸும் கேமரன் ஸ்மித்தும் கிடைப்பார்கள். ஸ்க்ரம்மின் பின்னால் நிற்கும் லாக் ஆடிய ஜேசன் டௌமலோலோ 2016இல் வாங்கினார், அதையும் க்ரோங்கோடு பகிர்ந்துதான் வாங்கினார். இத்தனை ஆண்டில் முன்வரிசையில் ஹூக்கருக்கு இருபுறமும் நிற்கும் ப்ராப் ஒருவர் கூட இல்லை. ஓரப் பக்கங்களில் ஓடும் விங், சென்டர் ஆடியவர்களும் இல்லை. பதக்கத்துக்குப் பெயர் கொடுத்த டேலி மெசஞ்சரே சென்டரில் ஆடிப் புகழ்பெற்றவர் என்பது தனி வேடிக்கை.

முறை எப்படி என்றால், ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறந்த வீரருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. 2023 முதல் இரண்டு நடுவர்கள் (களத்து ரெஃப்ரிகள் அல்ல, விருதுக்காக மதிப்பிடுபவர்கள்) தனித்தனியாகப் போடுவதால் ஒருவர் ஓர் ஆட்டத்தில் அதிகபட்சம் 6 புள்ளி வாங்கலாம். அந்த ஆண்டு பொங்கா 56, ஷான் ஜான்சன் 55 என்று ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முடிவானது பலருக்கு நினைவிருக்கும். நான்காவது இடத்துக்கு எதுவும் கிடையாது. பிரச்சினை இங்கேதான்.

ஓர் அணிக்குப் பருவத்தில் 24 ஆட்டம். ஒரு ப்ராப் 24 ஆட்டத்திலும் மைதானத்தின் நான்காவது சிறந்த வீரராக ஆடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் பூஜ்யம். ஒரு ஹாஃப்பேக் 8 ஆட்டத்தில் அமர்க்களம் செய்துவிட்டு மீதி 16இல் சுமாராக ஆடினால், இரண்டு நடுவர்களும் சேர்ந்து அவருக்கு 48 வரை கொடுக்கலாம். யார் நல்ல பருவம் ஆடினார் என்று பயிற்சியாளர்களைக் கேட்டால் வேறு பதில் வரும் என்றே நினைக்கிறேன். 2021இல் டாம் டிரபோயெவிச் காயத்தால் பல சுற்றுகள் ஆடவில்லை, ஆனாலும் பதக்கம் அவருக்கே. அவர் ஆடிய ஆட்டங்களில் யாராலும் அவரை நிறுத்த முடியவில்லை என்பது உண்மை. நான் அதைக் குறை சொல்லவில்லை. உச்சத்துக்குத்தான் இந்த முறையில் மதிப்பு, தொடர்ச்சிக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ப்ராப்பின் வேலை முழுக்கத் தொடர்ச்சிதான். சொந்தக் கோட்டருகே பந்தை வாங்கி, ஓடி வரும் மூன்று பேர் மீது மோதி, விழுந்து, சட்டென்று எழுந்து பந்தைக் காலுக்குப் பின்னால் உருட்ட வேண்டும். அந்த எழுச்சி ஒரு நொடி வேகமாக இருந்தால் எதிரணித் தடுப்பு பின்வாங்கி நிற்க நேரம் கிடைக்காது. அடுத்த டேக்கிளில் (எதிரணி பிடித்து வீழ்த்துவதில்) ஹாஃப்பேக்குக்கு வெளி கிடைக்கும், ட்ரை விழும், அதாவது எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துப் புள்ளி எடுக்கலாம். தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுவது கடைசி பாஸை மட்டும்தான். பந்து கையில் இருக்கும்போது அணிக்குக் கிடைக்கும் ஆறு டேக்கிளில் முதல் இரண்டை யார் சுமந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. நம் கபடியிலும் பாடிப் போகிறவருக்குத்தான் கைதட்டல், காலைப் பிடித்தவர் புழுதியைத் தட்டிவிட்டுப் போவார். இன்னொன்று, பெரும்பாலான ப்ராப்கள் 80 நிமிடமும் ஆடுவதில்லை. நடுவில் ஓய்வுக்கு வெளியே வந்துவிட்டுத் திரும்புவார்கள். நடுவர்களின் கண்ணில் அதுவும் அவர்களைச் சின்னதாக்கிவிடுகிறது. பெய்ன் ஹாஸ் போல நீண்ட நேரம் களத்தில் நிற்பவர்கள் அபூர்வம். அவரும் 2019 முதல் சிறந்த ப்ராப் விருதைப் பல முறை வாங்கியிருக்கிறார், பெரிய பதக்கம் மட்டும் வரவில்லை.

ப்ராப்கள் அந்த அளவு ஆட மாட்டார்கள் என்று சொல்வோருக்கு இரண்டு உதாரணம். 2008 கிராண்ட் ஃபைனலில் மேன்லி அணி மெல்போர்னை 40-0 என்று நொறுக்கியது. ஆட்ட நாயகனுக்கான க்ளைவ் சர்ச்சில் பதக்கம் மேன்லியின் ப்ராப் ப்ரென்ட் கைட்டுக்குக் கிடைத்தது. அதே ஆண்டு இங்கிலாந்து சூப்பர் லீகில் ஆண்டின் சிறந்த வீரருக்கான 'மேன் ஆஃப் ஸ்டீல்' விருதை வாங்கியவர் செயின்ட் ஹெலன்ஸின் ப்ராப் ஜேம்ஸ் கிரஹாம். பிறகு இங்கே வந்து புல்டாக்ஸுக்கு ஆடினாரே, அவரேதான். 2019இல் இங்கிலாந்தும் முன்னாள் வீரர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி போடும் முறைக்கு மாறியது. அதன்பின் 2024 வரை ஜாக்சன் ஹேஸ்டிங்ஸ், பால் மெக்ஷேன், சாம் டாம்கின்ஸ், ப்ரோடி க்ராஃப்ட், பெவன் ஃப்ரெஞ்ச், மிக்கி லூயிஸ் என்று வந்த பெயர்களில் ஒரு ப்ராப்பும் இல்லை. தற்செயல் என்று சொல்லலாம்தான், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

பெண்கள் போட்டியிலும் இதே டேலி எம் பதக்கம் உண்டு. கொரோனாவால் தள்ளிப்போய் 2022இல் நடந்த 2021 பருவத்தில் நியூகாசில் அணியின் ப்ராப் மில்லி பாயில், எம்மா டோனகேட்டோவோடு சேர்ந்து அதை வென்றார். அந்தப் பருவத்தில் நியூகாசில் ஓர் ஆட்டம் கூட ஜெயிக்கவில்லை! பெண்கள் போட்டியில் அப்போது ஆட்டங்கள் மிகக் குறைவு என்பதால் கணக்கு வேறு மாதிரி விழுந்திருக்கலாம். ஆனாலும் பார்க்கிற கண் இருந்தால் ப்ராப் தெரிவார் என்பதற்கு அது போதும்.

மாற்றம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். 3-2-1ஐ 5-4-3-2-1 ஆக்கினால் வாராவாரம் நான்காவது, ஐந்தாவது இடத்தில் நிற்பவர் கணக்கில் ஏறுவார். இரண்டு நடுவர்களில் ஒருவராவது ஸ்க்ரம்மில் தோள் கொடுத்து ஆடிய முன்னாள் முன்வரிசைக்காரராக இருக்கட்டும். விருது இரவில் எண்ணி முடிக்க நேரமாகும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் முனகலாம், பரவாயில்லை. இப்படிச் செய்தால் அடுத்த ஆண்டே ஒரு ப்ராப் வென்றுவிடுவார் என்று நான் சொல்லவில்லை. தர்ஸ்டன் எந்த முறையிலும் ஜெயித்திருப்பார். ஆனால் முதல் பத்துப் பெயர்களின் முகம் மாறும்.

உங்களுக்கு ஒரு யோசனை. அடுத்த பருவத்தில் ஈல்ஸ் ஆட்டங்களுக்கு மட்டும் வாசகர்களிடம் ஐந்து பேர் முறையில் புள்ளி வாங்கி, மாதம் ஒரு முறை அட்டவணை வெளியிடுங்களேன். ஈல்ஸ் ப்ராப் ஜூனியர் பௌலோ எத்தனையாவது இடத்தில் நிற்கிறார் என்று பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வென்ட்வொர்த்வில், சிட்னி